பாட்டி சொன்ன ஊரும் கோயில் ஏடும்: வன்னியம்பட்டி வட்டாரத்துக்கு ஒரு திறந்த மடல்

வன்னியம்பட்டி விலக்கின் இருபுறமும், ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜபாளையம் ஊர்களிலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும், அவர்களுடைய ஏடுகளைக் காத்துவரும் சேகரங்களுக்கும் பங்குகளுக்கும்:

ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் பூர்வீகம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வீட்டில் வாய்வழியாக வந்த கதை. மற்றொன்று கோயிலில் எழுதிவைத்த ஏடு. கதைக்கு ஊர் நினைவிருக்கும், உறவு நினைவிருக்கும், ஊரை விட்டு வந்த காரணம்கூட நினைவிருக்கும். ஆண்டு மட்டும் நினைவிருக்காது. ஏட்டில் நாள், மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும். ஏன் வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்பது அதில் இருக்காது. பழைய திருநெல்வேலிச் சீமையின் வட பகுதியான இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களின் ஏடு 19ஆம் நூற்றாண்டைத் தாண்டிப் பின்னே போவதில்லை. அதற்கு முந்தைய காலத்துக்குக் கதை ஒன்றே சாட்சி. ஆகவே தேடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கதையைக் கேட்டு எழுதுவது, பிறகு ஏட்டைப் பார்ப்பது, கடைசியாக ஒன்றை மற்றொன்றால் சோதிப்பது.

தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தேடல் கடினமாவதற்கு முதற்காரணம் பெயர். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் இங்கே பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு இனிஷியலாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை இடுவது வழக்கம். பாட்டனின் பெயரை உடையவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். இதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். வேதமுத்து மகன் ஞானமுத்து, ஞானமுத்து மகன் வேதமுத்து என்று நூறாண்டுக்கு ஏடு ஓடினால், எந்த வேதமுத்து எவர் என்று பிரிப்பதற்கு மனைவியின் பெயரும் ஊரும்தான் துணை. குடும்ப மரம் வரையும்போது பாட்டனையும் பேரனையும் ஒருவராக எண்ணி ஐம்பது ஆண்டுகளை விழுங்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

ஞானஸ்நானத்தில் பெயர் மாறுவது இரண்டாவது காரணம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வே.ச. அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அவருடைய தந்தை வேலாயுதம் 1839இல் மெய்ஞ்ஞானபுரத்தில் மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் கிறிஸ்தவராகி, தாமஸ் வேதநாயகம் ஆனார். மகனின் பெயரில் முன்னெழுத்தாக நிற்கும் ‘வே’ அந்த வேதநாயகம்தான். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னே போகிறவர் வேதநாயகத்தோடு நின்றுவிடுவார். வேலாயுதத்தை எட்டுவதற்கு மதமாற்றக் கதை தெரிந்திருக்க வேண்டும். இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

கதையை யாரிடம் கேட்பது என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. பொதுவாகக் குடும்பத்தின் மூத்த ஆணிடம் கேட்பார்கள். அவர் சொத்து, வழக்கு, பதவி ஆகியவற்றைச் சொல்வார். யாரை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், எந்தப் பிள்ளை சிறுவயதில் இறந்தது, எந்தச் சித்தி எந்த ஊருக்கு வாழப்போனாள் என்பவை அத்தைகளிடமும் பாட்டிகளிடமும் இருக்கும். கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டும். “நம்ம பூர்வீகம் எது?” என்று கேட்டால் “தெக்க இருந்து வந்தோம்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவின் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தார், கல்லறைத் திருநாளுக்கு எந்த ஊருக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அசனப் பண்டிகைக்கு எந்த ஊர் உறவு வந்து தங்கியது என்று கேட்டால் ஊர்ப் பெயர்கள் தாமாக வந்து விழும். பரணில் கிடக்கும் பழைய மொய் நோட்டு இதற்கு எழுத்துச் சான்று. ஒரு கல்யாணத்துக்கு மொய் செய்தவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும் அந்த நோட்டில், அன்றைய உறவு வட்டம் முழுதும் அடங்கியிருக்கும்.

குலதெய்வம் பற்றிய கேள்வியைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்த்துவிடுவது உண்டு. தேடுகிறவருக்கு அது மிகவும் வேண்டிய கேள்வி. தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று பங்காளிகள் எல்லோரும் தங்கள் சாஸ்தா கோயிலில் கூடுகிறார்கள். ஊரை விட்டுப் பல தலைமுறை ஆனவர்களும் அன்று அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஒரு கிளை கிறிஸ்தவத்துக்கு வந்திருந்தாலும், வராத பங்காளிக் கிளை இன்னும் அந்தச் சாஸ்தாவிடம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கோயில் எந்த ஊர்க் கண்மாய்க் கரையில் இருக்கிறதோ, ஞானஸ்நானத்துக்கு முந்தைய குடும்பத்தின் ஊர் அதன் பக்கத்தில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கோயில் ஏடு தொடங்குவதற்கு முந்தைய காலத்தை அறிய இதைவிட நல்ல தடயம் பல குடும்பங்களுக்குக் கிடையாது.

கேட்ட கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. சில கதைகள் பல சாதிகளுக்கும் பல ஊர்களுக்கும் பொதுவானவை. ராஜா பெண் கேட்டார், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாக ஊரை விட்டு வந்தோம் என்பது அவற்றில் ஒன்று. அண்ணன் தம்பி இருவர் புறப்பட்டார்கள், ஆற்றங்கரையில் பிரிந்தார்கள், அண்ணன் வழி அங்கே, தம்பி வழி இங்கே என்பது இன்னொன்று. ராஜா பெண் கேட்டாரா என்பதை எந்த ஏட்டாலும் உறுதிசெய்ய முடியாது. ஆனால் கதையில் வரும் ஊர்ப் பெயரும், கடந்த ஆறும், தங்கிய இடமும் கதைக்காரர் புதிதாகக் கட்ட வேண்டிய தேவை இல்லாதவை. சட்டகம் பொதுவானது என்று ஒதுக்கும்போது அதற்குள் இருக்கும் ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது.

கதைக்கு ஆண்டு கொடுப்பது அடுத்த படி. “பஞ்சத்தில் வந்தோம்” என்றால் எந்தப் பஞ்சம் என்று கேட்க வேண்டும். தாது வருடப் பஞ்சம் என்றால் 1876 முதல் 1878 வரையிலான கொடும் பஞ்சம். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் தாது 1816இலும் வந்தது, 1936இலும் வந்தது. பிறந்தது தாது வருடம் என்று பழைய குறிப்பில் இருந்தால், அந்த மூன்றில் எது என்பதை உடன்பிறந்தோரின் வயதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பழைய திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் வழக்கில் இருந்தது. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடு வரையிலான தேதிகளுக்கு 824 கூட்ட வேண்டும். கொல்லம் 1052 என்பது 1876 ஆகஸ்டு நடுவிலிருந்து 1877 ஆகஸ்டு நடு வரை. நினைவில் நிற்கும் வேறு நிகழ்ச்சிகளும் உதவும். சிவகாசிக் கொள்ளை நடந்தது 1899 ஜூனில். விஷக்காய்ச்சலில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது 1918இல். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்தது 1927இல். “ரயில் வருவதற்கு முன்னாலேயே தாத்தா இறந்துவிட்டார்” என்ற ஒரு வாக்கியம் ஓர் எல்லையைத் தந்துவிடும்.

இனி ஏடு. எந்த ஏடு எந்த ஆண்டில் தொடங்கும் என்பது அந்தந்த சபையின் வரலாற்றைப் பொறுத்தது. திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பங்குதோறும் ஏடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில் விதித்தது. இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு 1606இல் ராபர்ட் தெ நொபிலி வந்தார். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணிபுரிந்த காமநாயக்கன்பட்டி இவ்வட்டாரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. ஆனால் 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வரும்வரை மிஷன் தளர்ந்து கிடந்தது. இந்த இடைவெளி காரணமாக, குடும்பம் முந்நூறு ஆண்டுக் கத்தோலிக்கக் குடும்பம் என்று கதை சொன்னாலும், கையில் கிடைக்கும் தொடர்ச்சியான ஏடு 1838க்குப் பிந்தையதாக இருப்பது இயல்பு. ஏடு இல்லை என்பது கதை பொய் என்பதற்குச் சான்றாகாது.

சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கம் பாளையங்கோட்டையில். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் குளோரிந்தா என்ற பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் அங்கே எழுதப்பட்ட சபை ஏட்டில் 40 பேர் இருந்தார்கள். பின்னாளில் லட்சக்கணக்கில் பெருகிய திருநெல்வேலித் திருச்சபையின் முதல் பட்டியல் அந்த நாற்பது பெயர்தான். 1820இல் ரேனியஸ் ஐயர் வந்தபின் தெற்கே சபைகள் வேகமாகப் பெருகின. வடக்கே, சிவகாசியையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சுற்றிய பகுதிக்கு, ஒழுங்கான ஊழியம் வந்தது 1854இல் மிஷனரி தாமஸ் ராக்லண்டின் காலத்தில். ஓரிடத்தில் பங்களா கட்டி உட்காராமல் கூடாரத்தோடு கிராமம் கிராமமாகச் சுற்றிய ஊழியம் அது. ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் இறந்தார். அவரோடு ஊழியம் செய்த உபதேசியார்கள் தெற்குச் சபைகளிலிருந்து முறைவைத்து வந்தவர்கள். இது குடும்பத் தேடலில் நேரடியாகப் பயன்படும் செய்தி. கொள்ளுப்பாட்டன் உபதேசியாராக இருந்தார் என்று கதை சொன்னால், அவர் இந்த ஊரில் பிறந்தவராக இல்லாமல் தெற்கேயிருந்து அனுப்பப்பட்டவராக இருக்கக்கூடும். அவருடைய ஞானஸ்நானப் பதிவை இங்கே தேடினால் கிடைக்காது.

அடுத்து, ஏடு எந்தப் பெயரின் கீழ் இருக்கிறது என்ற சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதில் சேர்ந்தது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. 1890ஆம் ஆண்டுப் பத்திரத்தையோ மிஷன் அறிக்கையையோ விருதுநகர் என்ற பெயரில் தேடினால் ஒன்றும் அகப்படாது. திருச்சபை எல்லைகளும் மாறியிருக்கின்றன. கத்தோலிக்கரின் மதுரை மறைமாவட்டம் 1938இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்து திருச்சியின் பெயரில் இருக்கும். ஆங்கிலிக்கரின் திருநெல்வேலி அத்தியட்சாதீனம் 1896இல் உருவாயிற்று. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் பிறந்தது. கிளைச் சபை ஒன்று தனிச் சேகரமானால், பழைய ஏடு தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. இன்று இருக்கும் கோயிலுக்குப் போய்க் கேட்பதற்கு முன், அந்தக் கோயில் அன்று எந்தக் கோயிலின் கிளையாக இருந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கத்தோலிக்கப் பங்கில் பார்க்க வேண்டியவை திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், அடக்கம் ஆகிய நான்கு ஏடுகளும் பங்கின் குடும்பப் பதிவேடும். பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும். வாக்கியம் ஒரே வார்ப்பில் அமைந்திருப்பதால் பயப்படத் தேவையில்லை. நாள், குழந்தையின் பெயர், தந்தை தாய் பெயர், ஞானத்தகப்பன் ஞானத்தாய் பெயர், ஊர், குருவின் கையெழுத்து என்ற வரிசை ஒரு பக்கம் பார்த்தால் பழகிவிடும். பெயர்தான் குழப்பும். ஊரார் வாயில் சவரிமுத்து என்று இருப்பவர் ஏட்டில் சவேரியுஸ் ஆக இருப்பார். ராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ், இன்னாசி இக்னாசியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு இட்ட பெயர் லாசரு. தமிழில் அது தேவசகாயம். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவருக்கே மூன்று பெயர் என்றால், சாதாரணக் குடியானவருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, ஏட்டுப் பெயர் ஒன்று இருந்ததில் வியப்பில்லை.

திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அந்தச் செய்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்கே அவருடைய பதிவுக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே உள்ள விதி. விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட பங்கில், குழந்தையின் பதிவு இருக்கும் வரியின் ஓரத்திலேயே அந்தக் குழந்தை வளர்ந்து எந்த ஊரில் யாரை மணந்தது என்பது பொடி எழுத்தில் இருக்கும். வாழப்போன பெண்களைத் தொடர்ந்து போக இதைப்போல உதவும் குறிப்பு வேறு இல்லை.

சீர்திருத்தச் சபைகளில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஏடுகள் உண்டு. பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவரின் பதிவு தனி மதிப்புடையது. பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து எழுதிய ஏடு கிடைத்தால், வேலாயுதத்திலிருந்து வேதநாயகத்துக்குப் பாலம் கிடைத்தாயிற்று. திருமண ஏட்டின் வடிவத்தை 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்தது. தேதி, பெயர், வயது, நிலை, தொழில், இருப்பிடம், தந்தை பெயர், கையெழுத்து என்பவை அதன் கட்டங்கள். வெள்ளைக்காரருக்கென்று வகுத்த அந்தப் படிவத்தில் குடும்பப் பெயருக்கும் இடம் இருந்தது. குடும்பப் பெயர் இல்லாத தமிழருக்கு அந்த இடத்தில் ஓர் எழுத்தர் தந்தை பெயரை எழுதுவார், இன்னொருவர் சாதிப் பெயரை எழுதுவார், மூன்றாமவர் கோடு இழுத்துவிடுவார். தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. திருமண ஏட்டை மட்டும் நம்பி வரைந்த குடும்ப மரத்தில் பெண் வழி அற்றுப்போவதற்கு இதுவே காரணம். தாயின் பெயரை ஞானஸ்நான ஏட்டிலிருந்தும் பாட்டியின் பேச்சிலிருந்தும்தான் மீட்க வேண்டும்.

வயதுக் கட்டத்தை அப்படியே நம்புவதற்கில்லை. நாட்டுக் கிறிஸ்தவர் திருமணம் குறித்த பகுதியில், ஆணுக்கு 16க்கு மேலும் பெண்ணுக்கு 13க்கு மேலும் வயது இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் முதலில் விதித்தது. பிறந்த தேதி தெரியாத காலத்தில் எல்லையைத் தாண்டிய ஏதோ ஒரு வயதைச் சொல்லி எழுதியிருக்கலாம். முப்பது, நாற்பது, அறுபது என்று முழு எண்ணாக வரும் வயதுகள் பெரும்பாலும் மதிப்பீடுகள். அடக்க ஏட்டில் 80 வயது என்று கண்டால், ஐந்தாறு ஆண்டு முன்பின்னாகத் தேடுவது முறை.

எழுத்தை வாசிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்காமல் எழுதுவது உண்டு. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை எழுத்துகள் கொம்பு வளைந்து நிற்கும். கல்லறைத் தோட்டத்தில் தமிழ் எண்கள் வரும். ஒரு கல்லில் ௲௮௱௭௰௭ என்று இருந்தால் அது 1877. ௲ ஆயிரம், ௮௱ எட்டு நூறு, ௭௰ ஏழு பத்து, ௭ ஏழு. சுண்ணாம்பு பூசிய கல்லில் எழுத்து மங்கியிருந்தால், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்தால் தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது கல்லையும் எழுத்தையும் சேர்த்து அழிக்கும்.

உறவைப் படிப்பதிலும் தமிழ் வழக்கத்தை மனத்தில் வைக்க வேண்டும். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது வழக்கமாக இருந்த குடும்பங்களில் மரம் மேலே போகப் போக விரிந்துகொண்டே போகாது. தந்தை வழியில் கண்ட பாட்டனே தாய் வழியிலும் வந்து நிற்பார். கணக்குப்படி எட்டு முன்னோர் இருக்க வேண்டிய தலைமுறையில் ஆறு பேர் இருப்பது பிழையல்ல. ஞானப்பெற்றோரின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் தாய்மாமன், அத்தை, சித்தப்பா போன்ற நெருங்கிய உறவினர். நான்கு பிள்ளைகளின் பதிவிலும் ஒரே ஊரைச் சேர்ந்த ஞானத்தாய்கள் வந்தால், பிள்ளைகளின் அம்மா அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வட்டாரக் குடும்பங்களில் ஒரு கிளையாவது கடல் கடந்திருக்கும். இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போன தமிழருக்கென்று 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அதற்கு உபதேசியார்களை அனுப்பியது திருநெல்வேலி. இங்கே பிறப்பும் இறப்பும் இருந்து நடுவில் இருபது ஆண்டு ஏட்டில் தடம் இல்லாத ஒருவர், அந்தக் காலத்தில் ஏதோ ஒரு தோட்டக் கோயிலின் ஏட்டில் இருக்கக்கூடும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையிலும் கடவுச்சீட்டிலும் தமிழ்நாட்டுச் சொந்த ஊர் எழுதப்பட்டிருக்கும். பல குடும்பங்களில் பூர்வீக ஊரின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே தாள் அதுதான்.

கோயில் ஏட்டுக்கு வெளியே உள்ளவற்றில் முதலிடம் பத்திரங்களுக்கு. “இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்” என்று தொடங்கும் பழைய கிரயப் பத்திரத்தில் இரண்டு தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும். நான்கு மால், அதாவது நிலத்தின் நான்கு எல்லை, சொல்லும்போது பக்கத்து நிலத்துக்காரராகப் பங்காளியின் பெயரும் வரும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, சபை மாத இதழ்களின் மரண அறிவிப்பு, வீட்டு வேதாகமத்தின் வெற்றுத் தாளில் தாத்தா எழுதிய பிள்ளைகளின் பிறந்த நாள் ஆகியவை அடுத்தவை. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களைப் பற்றி அளவான எதிர்பார்ப்பே நல்லது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பற்றியவை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் ஆவணங்களில் மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. உபதேசியார், ஆசிரியர், குருவானவர் குடும்பங்களுக்கு அவற்றில் ஏதேனும் கிடைக்கலாம். கத்தோலிக்க மிஷன் வரலாற்றுக்கு இயேசு சபையினர் கொடைக்கானல் செண்பகனூரில் திரட்டிய ஆவணங்கள் உதவும். சாதாரண விவசாயக் குடும்பத்தின் பெயர் இருப்பது உள்ளூர்க் கோயில் அலமாரியில்தான்.

அந்த அலமாரியைத் திறக்கக் கேட்கும்போது எழும் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணை, கிறிஸ்தவராக மாறியவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இதனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. சாதியைக் குறித்த பழைய ஏடுகளும் இருக்கின்றன. ஒரு பக்கத்தின் படம் இன்று வாழும் ஒருவரின் வேலைக்கோ பிள்ளையின் படிப்புக்கோ இடைஞ்சல் ஆகக்கூடும். ஆகவே, தேடுகிறவர் தன் குடும்பத்தின் வரியை மட்டும் எடுத்துக்கொள்வதும், உயிரோடு இருப்பவர்களின் பதிவை வெளியிடாமல் இருப்பதும், திருமணத்துக்குப் புறம்பான பிறப்பு போன்ற செய்திகளை அடுத்த வீட்டுப் பேச்சாக்காமல் இருப்பதும் அடிப்படை ஒழுக்கம். ஏட்டைப் பூட்டிவைத்த கோயில்பிள்ளையின் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்தால்தான் ஏடு அடுத்தவருக்கும் திறக்கும்.

முடிவுகளை எழுதிவைப்பதற்கு ஒரு சிறு முறை போதும். ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு தாள். அதில் பெயர், வீட்டுப் பெயர், ஊர், துணைவர், பிள்ளைகள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு: பெரிய அத்தை சொன்னது, சொன்ன நாள், அல்லது இன்ன கோயில், ஞானஸ்நான ஏடு, இன்ன ஆண்டு, இன்ன எண். கதையும் ஏடும் முரண்பட்டால் ஒன்றை அழித்து மற்றதை எழுதக் கூடாது. இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். தாது வருடப் பஞ்சத்தில் குடும்பம் வந்தது என்று கதை சொல்கிறது, ஆனால் 1869இலேயே இங்கே ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது என்று ஏடு காட்டுகிறது என்றால், இருமுறை வந்தார்களா, இரண்டு கிளைகள் வந்தனவா, அந்த வேதமுத்து வேறு வேதமுத்தா என்று தேடல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏடுகளின் நிலைதான் அவசரமான செய்தி. இரும்புச் சத்துள்ள பழைய மை தாளை அரிக்கிறது. ராமபாணப் பூச்சியும் கரையானும் மழைக்கால ஈரமும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும், பழைய ஏட்டைப் பார்த்து எழுதிவிட்டு மூலத்தை எறிவதும் கேட்டைக் கூட்டும். செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆயர் அல்லது பங்குத்தந்தையின் அனுமதியோடு, ஏட்டைக் கோயிலை விட்டு வெளியே எடுக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், அட்டையிலிருந்து கடைசித் தாள் வரை வெற்றுப் பக்கத்தையும் விடாமல் கைபேசியில் வரிசையாகப் படமெடுத்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒரு பிரதியைப் பேராயத்திலோ மறைமாவட்டத்திலோ வைக்கலாம். இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்தால் ஒரு சனிக்கிழமையில் ஓர் ஏட்டை முடித்துவிடலாம்.

ஏட்டுக்காவது அலமாரி இருக்கிறது. கதைக்கு அதுவும் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய அத்தையோ பாட்டியோ வீட்டில் இருக்கும் குடும்பங்கள் கோயில் அலமாரிக்குப் போவதைக்கூட ஒரு வாரம் தள்ளிப்போடலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பூசை முடிந்து வீடு திரும்பியதும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தது என்று கேட்டு எழுதத் தொடங்குக.